சுடரைச் சுற்றி ஒரு வளையம்

அக்கா,

நேற்றுச் சாயங்காலம் மழைக்குள்ளே பால் வாங்கிவரப் போனேன். புதுக் குடை. தெருமுனை விளக்கு அதற்குள் எரியத் தொடங்கிவிட்டது. சாரல் முகத்தில் அடிக்கிறதே என்று குடையைச் சாய்த்துப் பிடித்தேன். குடைத்துணி வழியாகத் தெரிந்த விளக்கு ஒன்றாக இல்லை. கூட்டல் குறி போட்ட மாதிரி மேலும் கீழும், இடமும் வலமும் புள்ளி புள்ளியாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் சிவப்பு. நனைந்த புதுத்துணியின் வாசம் வேறு மூக்கில் ஏறியது. லைனிங் துணியை நனைத்துப் பிழிந்து கொடியில் போட்டிருப்பீர்களே, உங்கள் தையல் அறை வாசம். அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து, "யம்மா, நடுத்தெருவுல நின்னா எப்பிடி? பைய ஓரமா நில்லுங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று என்னிடம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்ல ஆறு வருஷம் கிடைத்தது. நமக்கு நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர். உங்கள் மெஷின் ஓடுவது என் அடுப்படியில் கேட்கும். என் பூஜை மணி உங்களுக்குக் கேட்கும். அப்படி இருந்தும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். எழுதும்போதே முகம் சுடுகிறது.

அந்தக் கூட்டல் குறியை முதலில் எனக்குக் காட்டியது நீங்கள். ஒருநாள் சாயங்காலம் நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல்.

"ஏளா, சாமி எங்கயும் ஓடிப் போயிர மாட்டாரு. இங்கன ஓடியா!"

வந்தால், வாசற்படியில் ஒரு வெட்டுத்துணியைக் கண்ணில் ஒட்டிவைத்துக்கொண்டு தெருவிளக்கைப் பார்த்து நிற்கிறீர்கள்.

"என்னக்கா, கண்ணுல தூசியா?"

"தூசியுமில்ல மண்ணாங்கட்டியுமில்ல. இந்த வாயில் சேலைத் துணியக் கண்ணுல வச்சுப் பாரு. பேசாமப் பாரு."

பார்த்தேன். ஒரு விளக்கு கூட்டல் குறியாகப் பிரிந்து நின்றது.

"இப்பம் துணியத் திருப்பு, பாப்போம்."

திருப்பினேன். கூட்டல் குறியும் கூடவே திரும்பியது.

"பாத்தியா! எல்லாம் நூலு செய்யுத வேல. கதர்த் துணில பாத்தேன், ஒண்ணுமில்ல. நூலு நெருங்க நெருங்கப் புள்ளி தள்ளித் தள்ளிப் போவுது. நீதான் புத்தகம் படிக்கியே, இது என்னன்னு சொல்லு."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். என்னைப் புத்தகம் படிக்கிறவள் என்று மதித்தவர் இந்தத் தெருவில் நீங்கள் ஒருவர்தான். பழைய பேப்பர் கடையில் வாங்கிவந்த பிளஸ் டூ இயற்பியல் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அட்டை கிடையாது. அதை முருகன் படத்துக்குக் கீழே, கவசப் புத்தகத்தோடு வைத்திருந்தேன். தினமும் பூஜை முடிந்ததும் இரண்டு பக்கம். புரியாவிட்டால் அடுத்த நாளும் அதே இரண்டு பக்கம். நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை தேடப் பதினைந்து நாள் ஆனது. விளிம்பு விளைவு, குறுக்கீட்டு விளைவு என்று இரண்டு பெயர்கள் கிடைத்தன. பெயர் கிடைத்ததும் சாமி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

குறுக்குத்துறைப் படித்துறையில் வைத்துத்தான் உங்களுக்கு விளக்கினேன். ஆறு அடங்கிக் கிடந்த ஒரு மூலையில் இரண்டு கல்லை ஒரே நேரத்தில் போட்டேன்.

"ரெண்டு வட்டமும் வந்து முட்டுதுலா, அங்கன பாருங்கக்கா. மேடும் மேடும் சேந்தா பெரிய மேடு. மேடும் பள்ளமும் சேந்தா ஒண்ணுமில்லாமப் போயிருது. வெளிச்சமும் இப்பிடி அலைதானாம். நூலுக்கு நடுவுல உள்ள ஒவ்வொரு சின்ன ஓட்டை வழியாயும் நுழைஞ்சு, வளைஞ்சு பரவுது. பரவுன அலையெல்லாம் ஒண்ணோடொண்ணு சேருது. சேந்து கூடுன எடம் புள்ளி. சேந்து அழிஞ்ச எடம் இருட்டு."

"வெளிச்சமும் வெளிச்சமும் சேந்தா இருட்டா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்டீர்கள். "எம் மாமியாளும் எம் வீட்டுக்காரரும் ஒண்ணு சேந்தா வீடு இருண்டு போவும்லா, அந்த மாதிரின்னு சொல்லு. அப்பம் புரியும்."

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம். ஆனால் நீங்கள் விஷயத்தை என்னைவிட நன்றாகவே பிடித்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு துணியையும் தைப்பதற்கு முன்னால் ஒருமுறை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பீர்கள். சுவர் வழியாகச் செய்தி வரும். "ஷிபான்ல நாலு புள்ளி தெரியுது, எழுதிக்கோ."

நான் எழுதிக்கொள்வேன். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு. கேஸ் மாற்றிய நாள், விரதம் இருந்த நாள், ஊறுகாய் போட்ட நாள் எல்லாம் இருக்கிற நோட்டில், பின்பக்கத்திலிருந்து நமக்கென்று ஒரு கணக்கு தொடங்கினேன். நாள், விளக்கு, அக்கா பார்த்தது, நான் பார்த்தது. நான்கு கட்டம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். கண்ணால் பார்க்காததை எழுதக்கூடாது என்று உங்களுக்கே நான் சட்டம் போட்டிருக்கிறேன். "நல்லாப் பாத்துட்டுச் சொல்லுங்க, நாலா அஞ்சா?" என்று அதட்டுவேன். நீங்களும் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வீர்கள். நீங்கள் ஒருநாளும் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்லை.

அந்த வருஷம் மார்கழியில் நல்ல பனி. விடியற்காலையில் ஆற்றுக்குப் போகிற வழியில், வயல் பக்கத்து விளக்கைச் சுற்றி வளையம் கட்டி நின்றது. இருவருமே பார்த்தோம். வெளியே சிவப்பு, உள்ளே நீலம். புத்தகத்தில் பனியைப் பற்றி ஒரு வரி கிடையாது. நானாக யோசித்து, நூல் மாதிரியே பனித்துளியும் வெளிச்சத்தை வளைக்கிறது, துளி உருண்டை என்பதால் வட்டமாகத் தெரிகிறது என்று சொன்னேன். "எப்பா, ஒனக்கு மண்டையெல்லாம் மூளைதான் போ" என்றீர்கள். வீட்டு வாசலில் கோலம் போடும்போதும் எனக்கு அந்தச் சொல்தான் காதில் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பிறகு என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். நான் ஒருவேளைச் சாப்பாட்டு விரதம். நீங்கள் என்னோடு வருவதே காற்றாட நடப்பதற்கும் ஆற்றைப் பார்ப்பதற்கும்தான். சந்நிதியில் நின்றாலும் ஒரு கண் வெளியே கழற்றிப்போட்ட செருப்பின் மேல் இருக்கும். உள்ளே வழக்கம்போல இருட்டு. தீபாராதனை காட்டினார்கள். நீங்கள் சட்டென்று என் முழங்கையைப் பிடித்தீர்கள்.

"ஏளா... தீவத்தச் சுத்தி வளையம் நிக்குது பாரு. நெறம் நெறமா. முருகன் மொகத்தையே சுத்தி நிக்குது." உங்கள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. "ஒனக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை.

சுடர் தெரிந்தது, தட்டு தெரிந்தது, வேல் தெரிந்தது. வளையம் எதுவும் இல்லை. இருபது வருஷமாக நாள் தவறாமல் கும்பிடுகிறவளுக்குக் காட்டாததை, செருப்பைப் பார்த்துக்கொண்டே கும்பிடுகிற இவளுக்குக் காட்டுகிறானே என்று நெஞ்சு எரிந்தது. அதற்குப் பெயர் பக்தி இல்லை, அக்கா. பொறாமை. சந்நிதிக்கு முன்னால் நின்றுகொண்டு நான் பட்ட பொறாமை.

"தெரியுதுக்கா" என்றேன்.

திரும்பி வரும்போது, வாய்க்கால் பாலம் தாண்டியதும் கேட்டீர்கள்: "பனி ஒண்ணும் இல்லியேளா, பின்ன எப்பிடி வளையம்?"

சரியான கேள்வியை நீங்கள் கேட்டீர்கள். புத்தகம் படித்தவள் நான் கேட்கவில்லை. "கற்பூரப் புகைக்கா. புகைத்துகளும் பனித்துளி மாதிரிதான்" என்று உடனே பதில் சொன்னேன். சொன்ன பொய்க்கு இயற்பியலைக் காவலுக்கு நிறுத்தினேன்.

"புகையோ என்னமோ, காட்டுனது அவன்தான்" என்றீர்கள்.

அன்றைக்கு நோட்டில் எழுதினேன். அக்கா: வளையம். நான்: வளையம்.

அதற்குப் பிறகு வீட்டிலேயே உங்களுக்கு வளையம் தெரியத் தொடங்கியது. மெஷினுக்கு மேலே தொங்கும் குண்டு பல்பைச் சுற்றி. வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. "ஒனக்கும் தெரியும்லா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பீர்கள். முதல் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. "எப்பவாச்சும் தெரியும்க்கா. பஞ்சுத்தூசி பறக்குதுலா, அதான்" என்பேன். எந்த நிறம் வெளியே என்று கேட்டேன். சிவப்பு என்றீர்கள். புத்தகத்தோடு பொருந்துகிறது என்று சந்தோஷப்பட்டேன். வளையம் வரும் நாளில் நெற்றிப்பொட்டும் கண்ணும் சேர்ந்து வலிக்கிறது என்றீர்கள். சுக்கு இழைத்துக் கொடுத்தேன். தூங்கி எழுந்தால் வலி போய்விடும். அதனால் அதுவும் பெரிதாகப் படவில்லை. வலியை மட்டும் நான் நோட்டில் எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம், தைத்த துணியின் மேலேயே வாந்தி எடுத்து விழுந்தீர்கள். தலையைப் பிளக்கிற வலி. பித்தம் என்று நினைத்து வாந்திக்கு ஊசி போட்டோம். இரண்டு நாள் கழித்து, இடக்கண் ரத்தமாகச் சிவந்து, அந்தக் கண்ணில் எதுவும் தெரியவில்லை என்று நீங்கள் சொன்ன பிறகுதான் கண்ணாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தோம். உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி மில்லில் இருந்தார்கள். கூட வந்தது நான்.

சின்ன வயது டாக்டரம்மா. பார்த்துவிட்டுக் கேட்டார்: "கண்ணுல நீர் அழுத்தம் ரொம்ப ஏறியிருக்கு. இதுக்கு முன்னாடி லைட்டச் சுத்தி கலர் வளையம் தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுதும்மா" என்றீர்கள். "இவளுக்கும்லா தெரிஞ்சுது. அதான் நான் பெருசா எடுத்துக்கல."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குமா? அப்ப நீங்களும் உக்காருங்க, பாத்துருவோம்."

மறுக்க முடியவில்லை. கருவியில் முகவாயை வைத்தேன். என் கண்ணுக்குள் அவர் ஒளியை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் யார் முன்னாலும் அப்படி உட்கார்ந்ததில்லை. பார்த்து முடித்தவர், "உங்க கண்ணு ரெண்டும் நல்லா இருக்கே. உங்களுக்கு வளையம் தெரியக் காரணமே இல்லியேம்மா?" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். பெஞ்சில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நான் வாயைத் திறந்தேன். "மார்கழிப் பனில பாத்ததுங்கம்மா" என்று வந்தது. அது பொய் இல்லை. அதுதான் அதில் கேவலம்.

உங்கள் கை தடவித் தடவி என் தோளைத் தேடிப் பிடித்தது. "நல்லவேள. ஒனக்காவது ஒண்ணுமில்ல" என்றீர்கள்.

எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா கேட்டபோது, "அவ நோட்டுல எழுதி வச்சிருப்பா, ஒண்ணு விடமாட்டா" என்று பெருமையாகச் சொன்னீர்கள். மறுநாள் நோட்டைக் கொண்டுபோனேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். பங்குனியிலேயே வந்திருந்தால், லேசர் வைத்து ஒரே நாளில் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் கருவிழியில் நீர் கோத்துக்கொள்ளுமாம். அந்த நீரில் பட்டு வெளிச்சம் வளைந்து வளையமாகத் தெரியுமாம். இருட்டான இடத்தில் நின்றால் கண்பாப்பா விரிந்து அழுத்தம் இன்னும் கூடுமாம். புத்தகம் தப்புச் சொல்லவில்லை, அக்கா. பனி இருக்கத்தான் செய்தது. நான் அதைத் தெருவிலும் புகையிலும் தேடினேன். அது உங்கள் கண்ணுக்குள் இருந்தது. எனக்குத் தெரியவில்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒருத்திக்கு மட்டும் தெரிகிற வளையம் வெளியே இல்லை என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். கதருக்கும் வாயில் துணிக்கும் வித்தியாசம் கண்டுபிடித்தவர்தானே நீங்கள்.

டாக்டரம்மா அந்த நான்காவது கட்டத்தையும் படித்தார். நான்: வளையம். நான்: வளையம். நான்: வளையம். நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்தார். நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

இடக்கண் போய்விட்டது. வலக்கண்ணில் குழாய் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிஞ்சியது. ஜாக்கெட் தைப்பதை விட்டுவிட்டீர்கள். புடவைக்கு ஓரம் அடிப்பது, கொக்கி தைப்பது என்று கைப்பழக்கத்தில் செய்தீர்கள். தினமும் காலையில் வந்து ஊசிகளில் நூல் கோத்து வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போவேன். "நீ மகராசியா இருப்ப" என்று வாழ்த்துவீர்கள். அந்த வாழ்த்தைத் தலைகுனிந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அடுப்படியில் நின்று அழுதிருக்கிறேன். அழுதுவிட்டுக் குழம்பைக் கொதிக்க வைத்திருக்கிறேன். அடுத்த நாளும் வாழ்த்து வாங்கப் போயிருக்கிறேன்.

முருகனிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவனிடம் சொல்வது எளிது. அவனுக்குக் கண் போகவில்லை.

உங்களிடமும் ஒருநாள் சொல்லத்தான் வந்தேன். போன தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. குளித்து, திருநீறு பூசி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வந்து உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "அக்கா, பங்குனியில கோயிலுக்குப் போனோமே" என்று தொடங்கினேன். அவ்வளவுதான். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"அதத்தாம்ளா நானும் நெனச்சுக்கிட்டே கெடக்கேன். வீட்டு பல்புல தெரிஞ்சதெல்லாம் சீக்கு. அது டாக்டரம்மா சொல்லிட்டாவ, நானும் ஒத்துக்கிட்டேன். ஆனா அன்னிக்குக் கோயில்ல பாத்தது சீக்கு இல்ல."

"ஏங்க்கா அப்பிடிச் சொல்லுதீங்க?"

"நீயும் பாத்தியே! ஒனக்குத்தான் சீக்கே கெடையாதே. கருவியில வச்சுப் பாத்துட்டாவளே. அப்பம் அது நெசம்தானே? எங் கண்ணு போறதுக்கு முன்னால ஒரு தடவ காட்டிட்டான்ளா. நம்ம ரெண்டு பேருக்கும் காட்டிட்டான். அத நெனச்சுக்கிட்டா எனக்கு இந்த இருட்டு ஒண்ணும் பெருசாத் தெரியல."

அண்ணாச்சி வாசலில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, அக்காளும் தங்கச்சியும் முருகனப் பங்கு போடுதீங்களா?" என்று சிரித்தார்கள். "ஆமா, ஒமக்குப் பங்கு கெடையாது வே" என்று நீங்களும் சிரித்தீர்கள். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பி, சரியாக என் மேல் விழாத பார்வையோடு கேட்டீர்கள்: "பாத்தோம்லா?"

"பாத்தோம்க்கா" என்றேன்.

அது கருணையில் சொன்னதா, கோழைத்தனத்தில் சொன்னதா என்று இன்றுவரை எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். உங்களிடம் மிச்சம் இருந்த ஒரே வெளிச்சத்தை என் பொய்தான் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்க எனக்கு என்ன உரிமை என்று ஒரு மனம் சொன்னது. தப்பித்தாய் என்று இன்னொரு மனம் சொன்னது. அந்த இரண்டாவது குரல் ஆறுதலாக இருந்தது. அதை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

சித்திரையில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டீர்கள். கோயிலில் நாம் பார்த்ததை உங்கள் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். துக்கத்துக்கு வந்த ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானே கூடப் பாத்தவங்க?" என்று கேட்டாள். கூட்டத்தில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரிக்கு அன்றைக்கு ஒரு மரியாதையே கிடைத்தது. "கூட நின்னவ" என்று மட்டும் சொன்னேன்.

இப்போதும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அலங்காரத்தில் சாமி சிரிக்கிற மாதிரி தெரியுதா என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால், தெரிந்தால் தெரிகிறது என்கிறேன். தெரியாவிட்டால் தெரியவில்லை என்கிறேன். இவளுக்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஆனால் இந்த நேர்மையெல்லாம் ஊராருக்குத்தான் கிடைக்கிறது. கிடைத்திருக்க வேண்டியவர் நீங்கள்.

அதனால் இதையாவது உள்ளபடி எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வளையம் தெரியவில்லை, அக்கா. சுடரைக்கூட நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. உங்களுக்கு மட்டும் என்ன தெரிகிறது என்று பார்க்க, சாமியை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்பினேன். கற்பூர வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுந்திருந்தது. கண் இரண்டும் அகல விரிந்து, நிறைந்து, அந்த ஈரத்துக்குள் சுடர் சின்னதாக இரண்டு இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உதடு எதையோ சொல்ல வந்து மறந்து நின்றது. அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் யாரிடமும் பார்த்ததில்லை. அன்றைக்கு என் கண்ணால் நான் பார்த்தது அதை மட்டும்தான்.